நாலாவது தோள்

அவர் செத்துப்போன அன்று எங்கள் தெரு செய்த முதல் காரியம், அவரைக் கூப்பிட ஆள் அனுப்பியதுதான். அனுப்பியவர் எதிர்வீட்டு ரிட்டையர்ட் தாசில்தார். போன மகா புத்திசாலி நான்.

காலையில் தெருக்கோடியிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த எங்கள் தெருவில் எந்த வீட்டில் அழுகை கேட்டாலும் அடுத்த வார்த்தை ஒன்றுதான். தாசில்தார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "யாரோ போயிட்டாப்பல இருக்கு. போய் அவரைக் கூட்டிண்டு வா" என்றார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று, "சார்!" என்று குரலும் கொடுத்துவிட்டேன். உள்ளே அவரைத்தான் தரையில் கிடத்தியிருந்தார்கள்.

தேனாம்பேட்டையில் ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தா அவர். ஆனால் எங்களைப் பொறுத்தவரை அவருடைய உத்தியோகம் சாவு. மூங்கில் வாங்கிப் பாடை கட்டுவது, புரோகித வாத்தியாருக்குச் சொல்லி அனுப்புவது, தந்தி கொடுப்பது, கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டில் சொல்லிவைப்பது எல்லாம் அவர்தான். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. மஞ்சள் பையோடு வந்து நிற்பார், அவ்வளவுதான். பதிலுக்கு நாங்களும் மரியாதையில் குறை வைக்கவில்லை. எந்தக் கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிட்டதில்லை. காலையில் அவர் எதிரே வந்துவிட்டால், உள்ளே திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவோம்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எட்டு வருஷத்துக்கு முன் என் அப்பா போனபோது, அண்ணா கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க, நான் தோள் கொடுத்தேன். மாட வீதி முனை வருவதற்குள் கால் உதற ஆரம்பித்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் வந்து, தன் தோளை நுழைத்துப் பாரத்தை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு தெருவில் யார் மண்டையைப் போட்டாலும் எனக்கு ஜுரம் வந்துவிடும். பேங்க் வேலை பார்க்கிற மூளையல்லவா, எப்படித் தப்பிக்கிறேன் பார் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. அவருக்குப் பிள்ளை இல்லை. தாம்பரத்திலிருந்து தம்பி வந்துவிட்டார், கொள்ளி வைக்க. ஆறு பேர் ஆறு விதமாக யோசனை சொல்லி, பாடை என்று ஒன்றைக் கட்டியாயிற்று. இனி வேண்டியது நாலு தோள். வாசலில் நின்ற ஆண்கள் இருபது பேருக்குக் குறையாது. "தெய்வப் பிறவி சார்" என்றார் ஒருவர். தாசில்தார் இரங்கல் கூட்டத்துக்கு யார் தலைமை என்பது வரை போய்விட்டார். தூக்க ஆள் என்றதும் பாருங்கள், ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருவருக்குக் குடலிறக்கம். மாடி வீட்டு வக்கீல் குரலைத் தாழ்த்தி, "ஆத்துல முழுகாம இருக்கா. நான் தூக்கப்படாது" என்றார். மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் புருஷன் பாடை தூக்குவதில்லை என்பது வழக்கம். ஆனால் வக்கீல் மனைவி முழுகாமல் இருப்பது தெருவுக்கே புதுச் செய்தி. இரண்டு பேர் அங்கேயே அவருக்குக் கை கொடுத்தார்கள், சாவு வீட்டு வாசலில்!

"பேசாம கார்ப்பரேஷன் வண்டிக்குச் சொல்லிடலாமே" என்றார் தாசில்தார்.

அதைக் கேட்டு, இறந்தவரின் மனைவி வாசலுக்கு வந்தாள். அழவில்லை. "இத்தனை வருஷத்துல அவர் ஒருத்தரையும் வண்டியில ஏத்தினதில்லை. எல்லாரையும் தோள்லதான் அனுப்பினார். பொழுது சாயறதுக்குள்ள அவரையும் அப்படி அனுப்பிடுங்கோ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மாமி உள்ளே போய் அந்த மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "இதுல ஒரு நோட்டு இருக்கும். யார்கிட்ட என்ன கேக்கலாம்னு எழுதி வெச்சிருப்பார். என் கண்ணாடியைக் காணலை. நீ படி."

வீட்டுக்கு ஒரு வரியாக எழுதியிருந்தார். சத்தமாகப் படித்தேன். "தாசில்தார்: நாற்காலி போடவும். யோசனை சொல்வார். கேட்டுக்கொள்ளவும், செய்ய வேண்டாம்." யாரோ சிரிப்பை இருமி மறைத்தார்கள். "மாடி வக்கீல்: மனைவி முழுகாமல் இருப்பதாகச் சொல்வார். போன மூன்று தடவையும் சொன்னார். நல்ல மனுஷர். வற்புறுத்தினால் வருவார்." வக்கீல் முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசாமல் பாடை அருகில் போய் நின்றார். "முக்குக் கடை அண்ணாச்சி: கேட்கவே வேண்டாம்." அண்ணாச்சி ஏற்கெனவே கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குளத்தங்கரை ரிக்‌ஷாக்காரர் குரல் கொடுத்தார். "இன்னா சாமி, நாலு பேருக்கா இம்மாம் நேரம்? எங்க நைனாவ இவருதான் தூக்கிக்கினு போனாரு. நான் கீறேன்."

"அது வந்து... சம்பிரதாயம்னு ஒண்ணு..." என்று தாசில்தார் இழுத்தார்.

"வரட்டும்" என்றாள் மாமி.

மூன்று தோள் சேர்ந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த வரி எங்கள் வீடு.

"சின்னப் பிள்ளையைத் தோளுக்குக் கூப்பிடக் கூடாது. அப்பாவைத் தூக்கும்போது ரொம்பப் பயந்துவிட்டான். ஜுரம் என்று சொன்னால் ஜுரம்தான், யாரும் துருவ வேண்டாம்."

எட்டு வருஷமாக நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தேனாம்! எனக்கு வந்தது அவமானமா அழுகையா, இரண்டும்தான்.

"உங்காத்துக்கு என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் மாமி.

நோட்டை மூடிப் பையில் போட்டேன். "நான் தோள் கொடுப்பேன்னு எழுதியிருக்கு, மாமி."

அவள் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அப்படியா எழுதியிருக்கார்? சரி, போ" என்றாள்.

வெயில் இருக்கும்போதே தூக்கிவிட்டோம். மாட வீதி முனையில், அதே இடத்தில், என் கால் உதற ஆரம்பித்தது. முன்னால் போன ரிக்‌ஷாக்காரருக்கு அது எப்படித் தெரிந்ததோ, திரும்பாமலே கேட்டார், "இன்னா சார், ஆள் மாத்திக்கிறியா?"

எனக்குள் இருந்த ஜுரக்காரன் பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் பார்த்தான். தோளை நுழைக்க வருகிறவர் என் தோளின் மேல் இருந்தார்.

"வேண்டாம், நட" என்றேன்.