பிரெஞ்சில் திட்டினால் குற்றமில்லை

வாத்து டீச்சர் என்று கேட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன்கூட மாடியின் கடைசி அறையைக் காட்டிவிடுவார். பிரெஞ்சு உச்சரிப்புக்காக உதட்டைக் குவித்துக் குவித்தே அவருக்கு வாய் முன்னால் வந்துவிட்டது என்பது பின்பெஞ்சின் கண்டுபிடிப்பு. பட்டப்பெயரை வைத்தது யார் என்று இன்றுவரை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் அந்தப் பெயர்தான் வகுப்பின் வாயைத் திறந்தது. அதற்கு முன் மூன்று மாதம் நாற்பது பேரும் ஊமைக்கோட்டான்கள். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பேசச் சொன்னால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் செருப்பு வார் அவிழ்ந்துவிடும். குனிந்த தலை நிமிராது. ஒருநாள் அந்த அமைதியில் பின்னாலிருந்து “வாத்து” என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “அதையே பிரெஞ்சுல சொல்லு. சொல்லிட்டா தண்டனை இல்ல.”

அகராதி கைமாறிக் கைமாறிப் பின்பெஞ்சுக்குப் போனது. “கனார்” என்று ஒரு குரல் நடுங்கியது.

“இன்னும் தொண்டையிலேர்ந்து வரணும். திட்டறதையாவது ஒழுங்கா திட்டு.”

மூன்று முறை சொல்லவைத்தார். அன்றிலிருந்து அந்த அறைக்கு அதுவே சட்டம்: பிரெஞ்சில் யாரையும் திட்டலாம், எதைப் பற்றியும் புகார் சொல்லலாம். ஒரு வாரத்தில் வீட்டுப்பாடம் அதிகம் என்று புகார் வந்தது. முழு வாக்கியமாக வந்ததால் பாதியாகக் குறைத்தார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? அகராதியின் ஓரமெல்லாம் கிழிந்துபோனது. பக்கத்து அறைக் கணக்கு வாத்தியார்தான் பாவம், சத்தம் தாங்காமல் சுவரைத் தட்டித் தட்டியே அவருக்குக் கை வீங்கியது.

ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை. ஜன்னல் ஓரத்துப் பெண், பேசாததால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் மியூட். டீச்சர் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. தினமும் ஒருமுறை அவள் பக்கம் பார்ப்பார், அவ்வளவுதான்.

காரணம் இருந்தது. படிக்கும் காலத்தில் டீச்சர் பிரெஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. முதல் வேலை ஓர் ஓட்டல் வரவேற்பு மேசையில். ஒரு நாள் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து, மருந்துக்கடை எங்கே என்று பிரெஞ்சில் கேட்டாள். கேள்வி முழுசாகப் புரிந்தது. பதிலும் மனசில் வரிசையாக நின்றது. நாக்குதான் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் பெட்டி தூக்குகிற ஆள் தனக்குத் தெரிந்த மூன்றே சொல்லைப் போட்டுப் பிசைந்து, கையோடு கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தொண்ணூற்றெட்டைப் பற்றி டீச்சர் அப்புறம் யாரிடமும் பேசியதில்லை.

பள்ளி ஆய்வு அதிகாரி வரப்போகிறார் என்றதும் ஹெட்மாஸ்டருக்கு வியர்த்தது. வாய்ப்பேச்சுக்கு யார் மார்க் போடுகிறார்கள் என்பது அவர் கட்சி. வாரத்துக்கு ஐந்து பிரெஞ்சு வகுப்பு. அதிகாரி முகம் சுளித்தால் அதில் மூன்றைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவேன் என்று டீச்சரிடம் நேராகவே சொன்னார். பள்ளியைப் புகழும் ஐந்து வாக்கியங்களை எழுதிக்கொடுத்து, ஐந்து பேரை அவற்றைப் பிரெஞ்சில் மனப்பாடம் செய்யச் சொன்னார். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. டீச்சர் தாளை வாங்கிப் பலகையில் ஒட்டினார். விருப்பமிருந்தால் படியுங்கள் என்றதோடு சரி.

அதிகாரி வந்தார். பிரெஞ்சு தனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது என்று சிரித்தார். முதல் பெண் எழுந்து, எங்கள் பள்ளி சுத்தமானது, அழகானது என்று ஒப்பித்தாள். டீச்சர் மொழிபெயர்த்தார். அதிகாரி தலையாட்டினார். ஹெட்மாஸ்டருக்குப் பல் தெரிந்தது.

ஜன்னல் ஓரத்தில் பெஞ்சு கிரீச்சிட்டது. மியூட் எழுந்து நின்றாள்.

ஹெட்மாஸ்டர் உட்காரச் சொல்லி டீச்சருக்குக் கண்ணைக் காட்டினார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“நோன்,” என்று மறுத்தாள் மியூட். பிறகு ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தாள். குரல் கரகரத்தது. உட்காரவில்லை.

“என்ன சொல்றா?” என்றார் அதிகாரி.

ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார். “நம்ம பள்ளிக்கூடம் ரொம்பப் பிடிச்சிருக்காம் சார்.” டீச்சர் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, “ஆமான்னு சொல்லிட்டுப் போங்கம்மா, இல்லேன்னா போறது உங்க வகுப்புதான்,” என்றார்.

ஒரு சொல் போதும், ஐந்து வகுப்பும் பிழைக்கும். அந்த ஓட்டல் மேசை கண்முன் வந்து நின்றது. இந்த முறை நாக்கு ஒட்டவில்லை.

“பொண்ணுங்க கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு சொல்றா. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிக்கணுமாம். பிடிக்க ஆள் இல்லாத நாள்ல நாள் முழுக்க தண்ணியே குடிக்கிறதில்லையாம்.”

ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் மூன்று கைகள் உயர்ந்தன. குழாய், மின்விசிறி, கணக்கு வாத்தியாரின் பறக்கும் சாக்பீஸ் எல்லாம் பிரெஞ்சில் வந்தன. ஒன்றைக்கூட டீச்சர் விழுங்கவில்லை.

மறுநாள் காலை தச்சர் வந்து தாழ்ப்பாள் போட்டார். அதே நேரத்தில் டீச்சருக்கு மெமோ வந்தது. அதிகாரி என்னவோ ‘பிள்ளைகள் பயமில்லாமல் பேசுகிறார்கள்’ என்றுதான் எழுதிவிட்டுப் போயிருந்தார். ஆனால் கால அட்டவணை ஹெட்மாஸ்டர் கையில். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஐந்து வகுப்பு, இல்லையென்றால் இரண்டு.

வீட்டில் கணவர், எலக்ட்ரீஷியன், மெமோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருஷக்கணக்காக மனைவியிடம் பிரெஞ்சில் திட்டு வாங்கி “வீ, வீ”, அதாவது ஆமாம் ஆமாம், என்று மட்டும் பதில் சொல்லிப் பழகிய மனுஷன். “என்ன எழுதப் போறே?” என்றார்.

“பேசச் சொன்னேன், பேசினாங்க. அவ்வளவுதான்.”

“வீ,” என்று பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று வகுப்பு கணக்குக்குப் போயிற்று. ஆனால் நாக்கு அட்டவணை பார்க்குமா? இரண்டாவது வாரம் கணக்கு வாத்தியார் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு மாடி அறை வாசலில் வந்து நின்றார். பறக்கும் சாக்பீஸைப் பற்றித் தன் வகுப்பில் காதில் விழுந்த பிரெஞ்சையெல்லாம் தமிழ் எழுத்தில் குறித்து வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் தலைவி அந்த மியூட்தானாம். அர்த்தம் தெரிய வேண்டும் என்றார்.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க சார். ஆனா இந்த ரூம்ல புகார்னா பிரெஞ்சுலதான் சொல்லணும்.”