அக்காவின் இரண்டு குரல்கள்

எங்கள் வீட்டில் பேய் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய காரியம் எதையும் நான் செய்ததில்லை. செய்யாமலே இருந்திருக்கலாம்.

அந்த ஜூலையில் பெரியம்மா மகள் இத்தாலியிலிருந்து வந்திருந்தாள். பெரியம்மா அங்கே வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. செப்டம்பர் வரை லீவு என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. நான் பெங்களூர் தூறலில் நனைந்து பள்ளிக்கூடம் போக, அவள் எங்கள் வீட்டில் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பாள்.

ஒருநாள் மழை வலுத்ததால் மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். அம்மா ஆபீசில் இருந்தார். கதவைத் தட்டப் போன நான் அப்படியே நின்றேன். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்று அக்கா. மற்றது வயதான, கனத்த, அவசரமே இல்லாத குரல். பாஷை புரியவில்லை.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அக்காவைத் தவிர யாருமில்லை. காலி நாற்காலி முன்னால் நின்று ஏதோ படபடவென்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முகம் தொங்கிப்போனது, கண்கள் சுருங்கின. அந்தக் கனத்த குரல் அவள் வாயிலிருந்தே வந்தது. தான் சற்றுமுன் நின்ற இடத்தைப் பார்த்துப் பரிவோடு சிரித்தாள். அந்தப் பரிவைப் பார்த்துத்தான் நான் ஜன்னலை விட்டு ஓடினேன்.

சாயங்காலம் மெல்ல வாயைக் கிளறினேன். அவள் பேயைப் பற்றிச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசினாள்.

"அங்க அஞ்சு வருஷம் சின்ன ஸ்கூல், மூணு வருஷம் நடு ஸ்கூல். அதோட எல்லாரும் பிரிஞ்சிடணும். லிச்சேயோன்னு ஒண்ணு, மேல படிக்கப் போறவங்களுக்கு. டெக்னிக்கல் ஒண்ணு. கைத்தொழில் ஒண்ணு. வர்ற ஜனவரில எழுதிக் குடுக்கணும். அதுக்கு முன்னாடியே டீச்சர் கூப்பிட்டு, உனக்கு இதுதான் சரின்னு சொல்வாங்க."

"உனக்கு எது?"

"லிச்சேயோதான். நான் பூகம்பம் பத்திப் படிக்கப்போறேன். டீச்சர்தான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. அம்மாவிடம் ஓடினேன். "மம்மி, அக்கா மேல ஒரு கிழவி இருக்கா!"

அம்மா மறுநாள் அரைநாள் லீவு போட்டுக் கதவில் காதை வைத்தார். முகம் வெளுத்துப்போனது. பெரியம்மா பார்த்துக்கொண்ட கிழவி ஒருத்தி முந்தின வருடம்தான் செத்துப்போயிருந்தாள். எல்லாம் பொருந்திவிட்டது.

சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துப் பெண்கள் மாதா கோயில் தீர்த்தத்தோடு வந்தார்கள். அக்கா முதலில் சிரித்தாள். "ஐயோ சித்தி, டீச்சர்கிட்ட என்ன பேசணும்னு பழகிட்டிருந்தேன்!"

"அது அப்டித்தான் சொல்லும்" என்றாள் ஒருத்தி.

தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தார்கள். தீர்த்தம் அவள் கன்னத்தில் வழிந்தது. பைபிள்மேல் அவள் கையை வைத்து அம்மா சத்தியம் வாங்கினார். "அது என்ன கேட்டாலும் நீ பதில் குடுக்கக்கூடாது. பதில் குடுத்தா அது போவாது."

அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் மறுபடி ஜன்னலில் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கனத்த குரலில் பேசினாள். எழுந்து எதிரே வந்து நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி உட்கார்ந்தாள். அந்த அறையில் இப்போது ஒரே ஒரு குரல்தான் இருந்தது.

வருடங்கள் ஓடிவிட்டன. அவள் இப்போது இத்தாலியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். நான்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்க இன்னும் தைரியமில்லாமல் இருக்கிறேன்.

அக்கா திரும்பிப் போனபின், அந்த ஜனவரியில் பெரியம்மா போன் செய்தார். அவருக்கு இத்தாலிய மொழி அவ்வளவாக வராது. டீச்சர் அரைமணி நேரம் பேசியதை அக்காதான் தமிழில் சொன்னாளாம். இவளுக்குக் கைத்தொழில் பள்ளிதான் சரி என்றாராம் டீச்சர். அதையும் சொல்லிவிட்டு, தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் குனிந்து நின்றாளாம். பெரியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். "முன்னல்லாம் எதிர்த்துப் பேசுவா. இப்ப எவ்ளோ அடக்கம்!" என்று சந்தோஷப்பட்டார்.

அம்மா போனை வைத்துவிட்டு, எல்லாம் நீ அன்றைக்குச் சொன்னதால்தான் என்று என் தலையைத் தடவிக்கொடுத்தார். எந்தக் குரலை விரட்டியிருக்கிறோம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் தடவட்டும் என்று தலையை நீட்டிக்கொண்டு நின்றேன்.