கூடையை எடுத்த கண்டக்டர்

1. ரூல் பேசிய நாள்

எண்பதுகளில் திண்டிவனம்–விழுப்புரம் ரூட்டில் நான் கண்டக்டர். ரூல் பேசுவதில் என்னை மிஞ்ச டிப்போவில் ஆளில்லை என்று எனக்கு நினைப்பு. சீட்டில் எதையாவது போட்டு இடம் பிடிப்பவர்களைக் கண்டாலே ஆகாது.

புதன்தோறும் மேரி என்றொரு அம்மா, நடக்க முடியாத மகனைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்தில் ஏறுவார். விழுப்புரத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கூட்டேரிப்பட்டில் ஏறும் தனலட்சுமிக்காகப் பக்கத்துச் சீட்டில் ஒயர்கூடையை வைத்திருப்பார். அதே பயிற்சிக்குப் போகும் தனலட்சுமியின் மகளுக்குக் கூட்டமென்றால் பயம்.

அன்று கூடையைத் தூக்கிக் கீழே வைத்தேன்.

"இன்னாம்மா, இது பஸ்ஸா, உங்க ஊட்டு கட்டிலா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஒருவர் அங்கே உட்கார்ந்துகொண்டார்.

கூட்டேரிப்பட்டில் தனலட்சுமியோடு ஏறிய மகள், நெரிசலில் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். "எறங்கிட்டு அடுத்த வண்டியில வாம்மா" என்று தனலட்சுமியை விரட்டினேன். மேரி விருட்டென்று எழுந்து, மகனை என் கையில் திணித்தார்.

"அந்தப் பொண்ணு என் எடத்துல குந்தட்டும். இவன நீ புடி!"

பிடித்தேன். நிற்காத கழுத்தைத் தோளில் சாய்த்து, ஒழுகிய எச்சிலைச் சட்டைக் கையால் துடைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. மேரி என்னையே பார்த்தார்.

"பழகுன கையா கீதே. ஊட்ல யாருங்க இப்டி?"

டிப்போவில் ஆறு வருஷம் ஒளித்தது, ஒரு ஸ்டேஜ் தாண்டுவதற்குள் வெளியே வந்துவிட்டது.

"பொண்ணு. ஊட்டுக்குள்ளயே வச்சிக்கினு இருக்கோம்."

"அத்தோட அம்மா யாருகிட்ட பேசும்?"

விக்கிரவாண்டி வரை பையனை இறக்காமல் தூக்கிக்கொண்டே நின்றேன். டிக்கெட் கணக்குக்கான இன்வாய்ஸ் எழுதவும் மறந்துபோனேன். செக்கர் ஏறியிருந்தால் என் ரூல் புலமை ஊர் சிரித்திருக்கும்.

2. அடுத்த புதன்

மகளோடு பயிற்சிக்கு என் மனைவி சரோஜா வர மாட்டேன் என்றாள். "நாலு பேரு பாப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று கேட்டாள். ஆமாம், நான்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தது. கெஞ்சிக் கூப்பிட்டு, மகளை நானே தூக்கி வந்து மேரி பக்கத்தில் உட்காரவைத்தேன்.

மகளை மட்டும் பூட்டி வைத்ததாக நினைத்திருந்தேன். அவள் அம்மாவையும் சேர்த்தே பூட்டியிருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் தம்பிகளே, ரூல் பேசுவதற்கு முன்னால் எதற்காக இடம் பிடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கூட்டேரிப்பட்டில் தனலட்சுமியும் சேர்ந்துகொண்டார். சற்று நேரத்தில் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரோஜா அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகிறது. எதற்கென்று மெல்லப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

என்னைப் பற்றித்தான்.