செல்வி மரம்

இந்த ஆண்டு வெயில் முந்திக்கொண்டது. மாசியிலேயே புங்கம்பூ வாசனை வருகிறது. என் பள்ளிப் பருவத்தில் பங்குனிக்குப் பிறகுதான் பூக்கும்.

ஒரு பங்குனியில், கோவில்பத்தில் எங்கள் வீட்டெதிரே நின்ற இந்தப் புங்கமரம் லாரிப் புகையில் கறுத்துப்போய் துளிர்விடவே இல்லை. பட்டுவிட்டதென்று வெட்ட ஆள் வந்தார். மீன் விற்றுத் திரும்பிய அம்மா செல்வி, கூடையை இறக்கிவிட்டுக் குறுக்கே நின்றாள்.

"பத்து நாள் பொறுங்க. கரியக் கழுவிப் பாக்குறேன்."

"மரத்தையா குளிப்பாட்டப் போறீங்க?" என்று சிரித்தார் அவர்.

தினமும் மாலையில் நானும் அம்மாவும் குடம் குடமாக ஊற்றித் தண்டையும் கிளைகளையும் கழுவினோம். எட்டாம் நாள் தாழ்ந்த கிளையொன்றில் துளிர் எட்டிப் பார்த்தது. மறுபடி வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"இனிமே இது ஒங்க மரங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றும் ஆட்டோக்காரரிடம் "செல்வி மரத்துல நிறுத்துங்க" என்றுதான் சொல்கிறேன். யாரும் வழி கேட்பதில்லை.