முதியான்சேயின் கடை

போன சனிக்கிழமை இங்கே கனடாவில், யூனியன்வில்லில் ஒரு புத்தக வெளியீடு. வழமைபோல அரை மணித்தியாலம் லேட். வழமைக்கு மாறாக... ஹோல் நிறைந்துவிட்டது!

புத்தகத்துக்குச் சொந்தக்காரி அன்னபாக்கியம் அன்ரி. எண்பது வயதைத் தாண்டியவர். ரெக்ஸ்டேலில் மகளோடு இருக்கிறார். மட்டக்களப்புக்கு மேற்கே, தமிழ் ஊர்கள் முடிந்து சிங்கள ஊர்கள் தொடங்குகிற எல்லைக் கிராமமொன்றில் பிறந்து, அங்கேயே ரீச்சராக இருந்தவர். அந்தப் பக்கத்தை முதன்முதலில் கதையாக எழுதியவர் இவர்தான். அதற்கு முன்னர் நம் கதைகளில் அந்த ஊர்கள் எப்படி வரும்? யானை வரும், மலேரியா வரும்... மனிதர்கள் வரமாட்டார்கள்.

ஊர்ப் பேச்சையெல்லாம் 'நல்ல தமிழாக' மாற்றித் தந்தால் முதல் கதையைப் போடுகிறேன் என்றாராம் ஒரு பத்திரிகை ஆசிரியர். "எங்கட ஊர்ல மாடு மேய்க்கிறவன் பண்டிதர் மாதிரிக் கதைச்சா மாடே சிரிக்கும்" என்று பதில் போட்டார் அன்ரி. கதை அப்படியே அச்சானது!

பிறகு கலவரம், அகதி முகாம், கனடா. இங்கே பக்டரி வேலை. லஞ்ச் பிரேக்கில் சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுதினார்.

அந்தக் கதைகளையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்தார். சிவநேசன் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர். அச்சுக்குப் போகிற நேரத்தில் அன்ரியை அவரிடம் காரில் கூட்டிப் போனது நான்தான்.

"அன்ரி, எல்லாம் திறம். உந்தக் கடை எரிக்கிற கதையை மட்டும் விடுவமே?" என்றார் சிவநேசன்.

கலவரத்தில் எரிந்த ஊரின் கதை அது. முதலில் தமிழர் வீடுகள் எரிகின்றன. அதில் ஒன்று அன்ரியுடைய வீடு. அடுத்த நாள் நம் பெடியங்கள் சிலர் போய், முதியான்சே என்ற சிங்களவரின் தேத்தண்ணிக் கடையைக் கொளுத்துகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளைத் தன் கடைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய அதே முதியான்சே!

"ஏன் மனே?" என்றார் அன்ரி, மகனைக் கூப்பிடுவதுபோல.

"சனம் கோவிக்கும். எங்களுக்கு நடந்தது கொஞ்சமே? அதுக்குள்ள இதையும் ஏன்..."

"என்ட வீடு எரிஞ்ச பக்கத்த வைக்கப்போறீங்களா?"

"ஓம் அன்ரி, அது கட்டாயம் இருக்கவேணும்."

"அப்ப அந்த மனிசன்ட கடையும் இருக்கட்டும். ரெண்டையும் என்ட கண்ணால கண்டன். ஏலாதெண்டா புத்தகமே வேணாம்."

எழுந்து கோட்டை மாட்டத் தொடங்கிவிட்டார்! எனக்குப் பதறியது. இந்த வயதில் இன்னொரு பதிப்பாளருக்கு எங்கே போவது?

"விட்டுக் குடுத்திருக்கலாமே அன்ரி?" காருக்குள் மெதுவாகக் கேட்டேன்.

"புத்தகத்தப் பாக்க எனக்கு ஆசை இல்லையா மகள்?" என்றார். ரெக்ஸ்டேல் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கண்களைத் துடைத்ததை நான் கண்டும் காணாததுபோல ஓட்டினேன்.

சில வாரங்களில் சிவநேசனிடமிருந்து அன்ரிக்கு ரெலிபோன் கோல் வந்தது. "திரும்ப வாசிச்சனான் அன்ரி. என்னாலயும் அதை எடுக்க முடியேல்லை... இருக்கட்டும்."

அப்படி வந்த புத்தகம்தான் இது.

விழா முடிந்து அன்ரி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான். நரைத்த தாடியோடு ஒருவர், வரிசை கலையும்வரை காத்திருந்து வந்தார்.

"ரீச்சர், உங்களுக்கிட்டப் படிச்சனான்." புத்தகத்தை நீட்டினார். "அந்தக் கடைக்கு நெருப்பு வச்ச ஆக்கள்ல... எங்கட அண்ணனும் ஒராள். இப்ப உயிரோட இல்ல."

அன்ரி பேனையை வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்தார்.

"தெரியும் மனே. அதுதான் எரிச்சவங்கட பேர் ஒண்டும் போடல்ல."

அந்த மனிதர் அப்படியே நின்று அழுதார். அன்ரி கையை விடவில்லை.

எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று அன்று மேடையில் எல்லோரும் பேசினார்கள்... ஒரு பெயரை ஆயுள் முழுக்க எழுதாமல் வைத்திருப்பதற்கு?