வாயால் கொடுத்த வீடு

லின்வல் ஈபாங்க்ஸுக்கு அமெரிக்க விசா கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விசா கிடைத்தது அவன் மனைவி வெர்னிஸுக்கு. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் கணக்கு டீச்சர்களுக்குப் பஞ்சம் வந்து, மூன்று வருடத்துக்கு வா, குடும்பத்தையும் கூட்டி வா, வேலை முடிந்ததும் கிளம்பிவிடு என்று கூப்பிட்டிருந்தார்கள். லின்வல் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகிற ஆள், அவ்வளவுதான். ஆனால் தங்கள் வெயில் தீவில் ஜங்ஷன் என்ற ஊருக்கும் சாந்தா குரூஸ் என்ற ஊருக்கும் நடுவே ஓட்டிக்கொண்டிருந்த தன் வாடகைக் காரில் ஏறியவர்களிடமெல்லாம், "என்னை அமெரிக்காவுல கூப்பிட்டிருக்காங்க" என்றுதான் சொன்னான். முன்சீட்டில் இருவரும் பின்சீட்டில் நால்வருமாக நசுங்கி உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்வார்கள், கேட்டுக்கொண்டார்கள்.

விமானம் ஏறுவதற்கு முன்பே அமெரிக்கர்களைப் போல மூக்கால் பேச ஆரம்பித்துவிட்டான். செயிண்ட் எலிசபெத் மாவட்டத்துச் செம்மண்ணில் பிறந்து, வெங்காயத்தாளைப் பிடுங்கிக் கட்டுக் கட்டியே வளர்ந்தவன், சந்தையில் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கு இங்க என்ன பேரு?" என்று கேட்டானாம். விற்றுக்கொண்டிருந்தவள் அவனுடைய சொந்தச் சித்தி. அதே கட்டால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"மூணு வருசம்தானே லின்வல், அப்புறம் வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டவர்களைப் பார்த்து அவன் சிரித்தான்.

"அங்க போனவன் எவன்யா திரும்பி வந்தான்? உள்ள கால வெச்சுட்டா மத்தது தானா நடக்கும்."

"விசாவுல தேதி போட்டிருக்கு லின்வல். படிச்சுப் பாரு" என்றாள் வெர்னிஸ்.

"நீ டீச்சர், எழுத்தத்தான் பாப்ப. நான் உலகத்தப் பாத்தவன்."

அவன் பார்த்த உலகம் ஒரு சாலை. அதிலும் பாதி பள்ளம்.

வெர்னிஸ் மட்டும் புறப்படுவதற்கான காரியங்களை ஒழுங்காகச் செய்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள லின்வலின் பெரியப்பா மகள் ஐசில்டாவிடம் பேசி வைத்தாள். ஐசில்டா அதே வளவின் பின்பக்கம் ஒற்றை அறைப் பலகை வீட்டில் தனியாக இருந்தவள். மழை வந்தால் கட்டிலை இழுத்து இழுத்துப் போட வேண்டிய வீடு அது. "நாங்க வர்ற வரைக்கும் முன்வீட்டுல இருங்க அக்கா, ஜன்னல தெறந்து வெச்சா போதும்" என்றாள் வெர்னிஸ். ஐசில்டாவும் சரி என்றாள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வழியனுப்பு விருந்து நடந்தது. ஆட்டுத்தலை சூப், ஆட்டுக்கறி, சுட்ட ஈரப்பலா, வெள்ளை ரம். சர்ச் சபையே வந்திருந்தது. பாஸ்டர் ஜெபம் செய்து முடித்ததும் லின்வல் கையில் கோப்பையோடு எழுந்தான். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஐசில்டா அக்கா, முன்னால வா! பாஸ்டர் சாட்சி, சபை சாட்சி. இந்த வீடு இன்னையிலிருந்து உன்னோடது. நான் இனிமே இந்த மண்ணுக்குத் திரும்பி வரப்போறதில்ல!"

வெர்னிஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் தட்டிவிட்டான். கூட்டம் கைதட்டியது. ஐசில்டா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுக்கு இதுவரை யாரும் ஒரு குடைகூடக் கொடுத்ததில்லை.

வேறு இடமாக இருந்தால் போதையில் உளறினான் என்று விட்டுவிடுவார்கள். ஈபாங்க்ஸ் வளவில் அது முடியாது. அது குடும்ப நிலம். தாத்தாவுக்குத் தாத்தா விட்டுப்போனது, அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. யாரும் விற்க முடியாது, யாரையும் விரட்ட முடியாது. பத்திரம் என்று ஒன்றும் கிடையாது, பெரியவர்கள் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தைதான் பத்திரம். லின்வலின் அப்பாவுக்கு அந்த மனை வந்ததே அப்படி ஒரு வார்த்தையால்தான். இது தெரியாத குழந்தைகூட அந்த வளவில் இல்லை. தெரிந்தேதான் வாயைத் திறந்தான், மடையன்.

அமெரிக்காவில் வெர்னிஸ் பாடம் நடத்தினாள். லின்வல் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினான். ஊருக்குப் போன் செய்யும்போது, "மேனேஜ்மெண்ட்ல இருக்கேன்" என்றான். எல்லோருக்கும் பீப்பாய் பீப்பாயாகச் சாமான் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்தவன் ஒரே ஒரு பீப்பாய் அனுப்பினான். திறந்து பார்த்தால் முழுக்கப் பனிக்காலத்துக் கம்பளிக் கோட்டுகள். ஐசில்டா அவற்றை ஆட்டுக்கொட்டகையில் விரித்துவிட்டு, வீட்டைக் கவனித்தாள். முன்வாசலுக்கு ஓடு பதித்தாள், சுவருக்கு மஞ்சள் பூசினாள், ஒழுகாத கூரையின் கீழ் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்று வருடம் முடிந்தது. தானாக நடக்கும் என்று லின்வல் சொன்ன எதுவும் நடக்கவில்லை.

"ஒளிஞ்சு இருந்துக்கலாம். எத்தன பேரு இருக்கான்" என்றான்.

"ஒளிஞ்சு இருக்க நான் என்ன திருடியா? புள்ளைங்களயும் ஒளிச்சு வளக்கணுமா? நீ வேணும்னா இரு" என்றாள் வெர்னிஸ்.

அவன் இருக்கவில்லை. ஒரு முட்டை பொரிக்கத் தெரியாத ஆள் எங்கே ஒளிந்திருப்பது?

பெட்டிகளோடு வளவில் வந்து இறங்கியதும், எதுவுமே நடக்காததுபோல முன்வாசல் படியில் கால் வைத்தான். ஐசில்டா கதவை மறித்து நின்றாள்.

"வா தம்பி. யாரப் பாக்க வந்த?"

"என்னக்கா வெளையாட்டு? சாவியக் குடு."

"எந்த வீட்டுச் சாவி?"

"அக்கா, அன்னிக்கு ஏதோ ஒரு சந்தோசத்துல சொன்னது…"

"சபை முன்னாடி குடுத்த. சபை முன்னாடியே திருப்பி வாங்கிக்க. 'பெருமைக்குச் சொல்லிட்டேன், திரும்பி வந்துட்டேன், வீட்டக் குடு அக்கா'ன்னு ஒரு வார்த்த சொல்லு, அடுத்த நிமிசம் குடுக்கறேன். நான் பாட்டுக்கு எழுந்து போனா, ஐசில்டா அடுத்தவன் வீட்ட அமுக்கப் பாத்தா, அவன் வந்து வெரட்டிட்டான்னு ஊரு பேசும். எனக்கு மானம் இல்லயா?"

நியாயமான பேச்சு. லின்வலுக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை. நான்கு பேரும் பின்பக்கத்துப் பலகை வீட்டில் போய் ஒடுங்கினார்கள். இரண்டாம் நாளே மழை. மகள் கடீன் தன் புத்தகங்களை மடியில் வைத்துப் போர்வையால் மூடிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். புயல் மாதங்கள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு வார்த்த லின்வல், புள்ளைங்களுக்காக" என்றாள் வெர்னிஸ்.

"சொல்றேன், சொல்றேன். ஞாயித்துக்கிழம சொல்லிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனான். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். ஐசில்டா சாவியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். லின்வல் எழுந்தான். திரும்பிப் பார்த்தான். அத்தனை முகங்களும் தன் பக்கம். பேச்சு மறுபடியும் மூக்குக்கு ஏறியது.

"சகோதர சகோதரிகளே, உங்களையெல்லாம் பாத்துட்டுப் போகலாம்னு விடுமுறைக்கு வந்திருக்கோம். அங்க பேப்பர் எல்லாம் ரெடியாகிட்டிருக்கு…"

ஐசில்டா கைக்குட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கடீன் தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற மகளை அப்படித் தலைகுனிய வைக்கிறவனை என்னவென்று சொல்வது?

வெர்னிஸ் எழுந்தாள். பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிற அதே குரலில் பேசினாள்.

"பேப்பர் எதுவும் ரெடியாகல. மூணு வருசத்துக்குப் போனோம், முடிஞ்சது, வந்துட்டோம். போறப்பவே எனக்கு இது தெரியும். ஐசில்டா அக்கா, என் புள்ளைங்க மழையில நனையுது. எனக்கு வீடு வேணும்."

ஐசில்டா இடைகழியில் நடந்து வந்து சாவியை வெர்னிஸின் கையில் வைத்தாள். "முன்னறை எனக்கு, மத்ததெல்லாம் உனக்கு. சம்மதமா?"

"சம்மதம் அக்கா."

"இவன்?"

லின்வல் இன்னும் நின்றுகொண்டிருந்தான், முகத்தில் அந்த அசட்டுச் சிரிப்போடு. வெர்னிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவரு விடுமுறைக்கு வந்தவராச்சே அக்கா. அவருக்கு ஓட்டல்தான் வசதிப்படும்."

சபை சிரித்தது. பாஸ்டரும் பைபிளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். வெர்னிஸ் பிள்ளைகள் இருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் கடீன் மட்டும் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்த்தாள். "நான் பொய் சொன்னேன்" என்று லின்வல் அப்போது சொல்லியிருந்தால்கூட ஓடி வந்து கையைப் பிடித்திருப்பாள். அவன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தான்.