நிம்மியை ரவுண்டு கூட்டிப் போனது யார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதனாலேயே கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டால் ஆகாது. மாதா கோயிலில் யாராவது கனவில் அதைக் கண்டேன் இதைக் கண்டேன் என்று ஆரம்பித்தால் என் மனைவி ஜெசிந்தா என் தொடையைக் கிள்ளுவாள், நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்கிற பயம். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

விஷயம் என் பைக்கைப் பற்றியது. நூறு சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், அந்தக் காலத்தில் மைலேஜுக்குப் பேர் போன வண்டி. நான் அதை வைத்திருந்தது பதினேழு வருஷம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவேன், ஒரு நாள் தள்ளிப் போனாலும் எனக்கு மனசு ஆறாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பிளக்கைக் கழற்றி எமரி பேப்பரில் தேய்ப்பேன், செயினை மண்ணெண்ணெயில் கழுவுவேன். வேறு யாரும் ஓட்டக்கூடாது. ஜெசிந்தாவின் தம்பி ஒரு தடவை சாவி கேட்டான், அதோடு ஒரு வருஷம் எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

நாங்கள் குடியிருந்தது நீலசந்திராவில், ஒரு மாடி வீடு. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் சந்து இறக்கமாக வரும். முனையில் திரும்பியதுமே எஞ்சினை அணைத்துவிடுவேன், வண்டி தானாக உருண்டு வந்து எங்கள் கேட்டில் நிற்கும், அவ்வளவு பெட்ரோல் மிச்சம். கஞ்சத்தனம் என்றால் கஞ்சத்தனம்தான். செயின் கவரில் ஒரு போல்ட் எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. ஆக எங்கள் வண்டி வருகிறது என்றால், முனையில் எஞ்சின் சத்தம் டக்கென்று நிற்கும், அப்புறம் லொடலொடவென்று செயின் கவர் மட்டும் இறங்கி வரும், அப்புறம் ஸ்டாண்டு போடும் சத்தம். பெங்களூர் முழுக்கத் தேடினாலும் அப்படி வீட்டுக்கு வருகிற ஆள் என்னைத் தவிர எவனும் இல்லை. அதைக் கேட்டுத்தான் ஜெசிந்தா அடுப்பில் டீ வைப்பாள், எங்கள் பெண் நிம்மி படியில் இறங்கி ஓடி வருவாள்.

அப்போது நிம்மிக்கு நாலரை வயது. தினமும் சாயங்காலம் அவளை டேங்க் மேல் உட்கார வைத்து ஒரு ரவுண்டு கூட்டிப் போயாக வேண்டும். சந்தின் மறு முனை வழியாக வெளியே போய், மெயின் ரோட்டைத் தொட்டு, மறுபடி இறக்கத்தில் வீட்டுக்கு. மூன்று நிமிஷம் ஆகும், அதற்கு மேல் ஆகாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் வண்டி புகை விட ஆரம்பித்தது. ஆயில் குடித்தது. சிலிண்டரை உள்ளே கடைந்து ரீபோர் பண்ணித்தான் ஆகவேண்டும் என்று ஆஸ்டின் டவுனில் இருந்த மெக்கானிக் அன்வர் பாய் சொன்னார். அவர் ஒருத்தர் கைதான் அந்த வண்டியில் பட நான் விட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் கொண்டுபோய் விட்டேன், அவர் எஞ்சினை என் கண் முன்னால்தான் பிரித்தார், சிலிண்டர் தேய்மானத்தை நானே என் கேஜ் வைத்து அளந்து பார்த்தேன். சிலிண்டரைச் சாக்கில் சுற்றி லேத் பட்டறைக்கு அனுப்பிய பிறகுதான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. நான் உள் அறையில் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், ஜெசிந்தா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நிம்மி முன் அறையில் விளையாடிக்கொண்டிருந்தாள். சந்து முனையில் எஞ்சின் சத்தம் நின்றது. லொடலொடவென்று இறங்கி வந்தது. கேட்டில் ஸ்டாண்டு போட்டது.

"நிம்மி, அப்பா வந்துட்டாரு பாரு" என்றாள் ஜெசிந்தா, மாவிலிருந்து கையை எடுக்காமலே. நிம்மி ரவுண்டு ரவுண்டு என்று கத்திக்கொண்டு படியில் ஓடினாள். நம்பினால் நம்புங்கள், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வண்டி வந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டு பேப்பரைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் இரண்டு வரி படித்திருப்பேன், அப்போதுதான் நான் வீட்டுக்குள் இருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

அதற்குள் கீழே கிக்கர் சத்தம். முதல் கிக்கில் எங்கள் வண்டி என்றைக்கும் ஸ்டார்ட் ஆகாது, இரண்டாவதில் ஆகும். இதுவும் இரண்டாவதில்தான் ஸ்டார்ட் ஆனது. கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், பயமில்லை. அன்வர் பாய் எப்படியோ வேலையை முடித்துக் கொண்டுவந்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குழந்தையை வேறு ஏற்றிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஒரே நாளில் ரீபோர் முடியாது என்று எனக்கா தெரியாது? ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு செருப்பு கூடப் போடாமல் இறங்கினேன். கேட் திறந்து கிடந்தது. கீழ் வீட்டு சாவித்திரியம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தார், கன்னடக்காரர். குழந்தை எங்கே என்றேன்.

"ஈகஷ்டே நீவே கர்கொண்டு ஹோதிரல்லா" என்றார். இப்பத்தானே நீங்களே கூட்டிப் போனீர்கள் என்று அர்த்தம். சொல்லி முடித்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை, முதுகுதான், வெள்ளைச் சட்டை என்றார். கையிலிருந்த துணி அப்படியே கீழே விழுந்தது, உடனே வீட்டுக்காரரைக் கூப்பிட உள்ளே ஓடினார்.

ஜெசிந்தா மாவுக் கையோடு இறங்கி வந்தாள். நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவள் மறு முனைப் பக்கம் ஓடினாள், நான் மெயின் ரோட்டுப் பக்கம் மேட்டில் ஓடினேன். எந்த வழியில் வந்தாலும் பிடித்துவிடலாம் என்று கணக்கு.

முனையில் போய் நின்றேன். மெயின் ரோட்டில் பஸ் போகிறது, ஆட்டோ போகிறது, எங்கள் வண்டி மட்டும் இல்லை. ஆனால் சத்தம் கேட்கிறது. என் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஒரு சமயம் பின் சந்தில் கேட்டது, ஒரு சமயம் எதிர் வரிசை வீடுகளுக்கு அப்பால் கேட்டது. ஓடிப் போகலாம் என்றால் எந்தப் பக்கம் ஓட? இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் வந்துவிட்டால்? மூன்று நிமிஷம் தாண்டியது. ஐந்து நிமிஷம் ஆனது. வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது நிமிஷம் என் பிள்ளை யாரிடம் இருக்கிறாள் என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். அழுகை கூட வரவில்லை.

அப்புறம் சத்தம் நேராக என்னைப் பார்த்து வந்தது. மெயின் ரோட்டிலிருந்து திரும்பி, எனக்கு நாலடி தூரத்தில், எஞ்சின் நின்றது.

நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை. காலி ரோடு. லொடலொடவென்று அந்தச் செயின் கவர் என் வலது பக்கமாகக் கடந்து கீழே இறங்கிப் போனது. சுட்ட ஆயில் வாசம் வந்தது, முழங்காலில் சூடு அடித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் கீழே ஸ்டாண்டு போடும் சத்தம். கேட்டுக்கு முன்னால் நிம்மி மட்டும் நின்றுகொண்டிருந்தாள், காலைத் தேய்த்துக்கொண்டு அழுதபடி.

தூக்கிக்கொண்டேன். கெண்டைக்காலில் ரூபாய்க் காசு அளவுக்குச் சூடு பட்டுத் தோல் வழன்றிருந்தது. யாரோடு போனாய் என்று கேட்டேன். அப்பாவோடு என்றாள். எந்த அப்பா என்றேன், அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள், என் கன்னம் காய்ந்துதான் இருந்தது.

"அழுவாதப்பா" என்றாள்.

ஜெசிந்தா காயத்தில் பேஸ்ட் தடவி அவளை மடியிலிருந்து இறக்காமல் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். நான் ஆட்டோ பிடித்து ஆஸ்டின் டவுன் போனேன். வண்டி காலையில் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. சிலிண்டர் இல்லை, ஹெட் தனியாக ஒரு தட்டில், டேங்கைக் கழற்றி அலமாரி மேல் வைத்துத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சைலன்சரைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. இதை யாராவது வெளியே எடுத்தீர்களா என்று அன்வர் பாயைக் கேட்டேன்.

"க்யா சார், எஞ்சினே இல்லாம வண்டி எப்படிப் போவும்?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நிம்மியை நான் ரவுண்டு கூட்டிப் போனதில்லை. இறக்கத்தில் எஞ்சினை அணைத்ததும் இல்லை. ஜெசிந்தா அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். எனக்குத்தான் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பைக்கில் சைலன்சர் பைப் வலது பக்கம். முன்னால் பார்த்து உட்காரும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் வலது கால்தான் இருக்கும். நிம்மிக்குச் சூடு பட்டது இடது காலில், உள் பக்கம். வண்டி சரியாகி வந்த பிறகு, ஆறிப்போய் நிற்கும்போது, அவளை டேங்க் மேல் உட்கார வைத்து அளந்தே பார்த்தேன். என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால்தான் அந்தக் கால் அங்கே வருகிறது. நான் ஒரு நாளும் அவளை அப்படி உட்கார வைத்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த வண்டிக்குப் பார்ட்ஸ் கிடைப்பது குறைந்தது. பழைய இரும்புக்குப் போட்டேன். ஃபிரேமை அறுத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இனி அது வராது என்று ஒரு நிம்மதி.

நிம்மி இப்போது கல்யாணமாகி ஜோகுபாளையத்தில் இருக்கிறாள். போன மாதம் வந்திருந்தாள். எனக்கு மேல் வரிசையில் முன் பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, சரியான வலி, பிடுங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சொன்னா திட்டக்கூடாது. அன்னைக்கு ரவுண்டு போனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உங்க முகத்தைப் பார்த்தாப்ல உட்கார வெச்சீங்க. வழியெல்லாம் என்னையே பார்த்து அழுதுக்கிட்டே ஓட்டினீங்க."

அது நானில்லை என்று உனக்கே தெரியும் என்றேன்.

"பழைய போட்டோ பார்க்கறப்ப எல்லாம் எனக்குக் குழப்பமா இருக்கும். அதுல உங்களுக்குக் கறுப்பு மீசை. நான் பார்த்த முகம் அது இல்லப்பா. வருஷா வருஷம் நீங்க அந்த முகத்துக்கு வந்துக்கிட்டே இருக்கீங்க. இப்போ அப்படியே இருக்கு." விரலை நீட்டி என் ஆடுகிற பல்லைத் தொட்டாள். "இந்தப் பல் மட்டும் அந்த முகத்துல இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். நானும் சிரித்துவைத்தேன். அவள் போன பிறகு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். பெற்ற பெண் நல்லபடியாக இருக்கும்போது ஒருத்தன் எதற்காக எங்கிருந்தோ வந்து, நாலரை வயசுப் பிள்ளையாக இருந்த அவளை எடுத்து முன்னால் உட்கார வைத்து, மூன்று நிமிஷ ரவுண்டை ஒன்பது நிமிஷமாக நீட்டி, அப்படி அழுவான்? யோசிக்கக்கூடாது என்றுதான் இருக்கிறேன், முடியவில்லை.

டாக்டரிடம் இரண்டு தடவை நிம்மியே நேரம் வாங்கிக் கொடுத்தாள், இரண்டு தடவையும் நான் போகவில்லை. வலி மண்டை வரைக்கும் போகிறது. கஞ்சியை ஒரு பக்கமாகக் குடிக்கிறேன், அந்தப் பல்லின் மேல் நாக்குக் கூடப் படாமல் பேசப் பழகிவிட்டேன். நேற்றும் போன் பண்ணினாள். வலி எல்லாம் போய்விட்டதம்மா, பல் நன்றாக இறுகிவிட்டது என்று சொல்லிவைத்தேன்.